அவன் பெயர் பதிவேட்டில் இருக்கட்டும்

(சடையங்குப்பத்தில் நடந்த ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, காவலில் வைக்கப்படும் பிள்ளைகளும் பள்ளியும். இதற்கும் நமக்கும் என்ன தொடர்பு, இது காவல்துறையும் நீதிமன்றமும் பார்க்க வேண்டிய விஷயம் அல்லவா என்று சிலர் நினைக்கலாம். கூர்நோக்கு இல்லத்துக்குப் போகிற பிள்ளை அதற்கு முன்பு எங்கே இருந்தான்? நம் வகுப்பில் இருந்தான். வெளியே வந்தபின் எங்கே போக வேண்டும்? நம் வகுப்புக்குத்தான். நடுவில் இருக்கிற அந்தச் சில வாரங்களில் பள்ளி என்ன செய்கிறது என்பதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

முதலில் சொற்களைச் சரி செய்துகொள்வோம். ஆசிரியர் அறையில் 'ஜுவனைல் ஜெயில்', 'சீர்திருத்தப் பள்ளி', 'ஹோம்' என்று எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுப் பேசுகிறோம். சட்டம் பிள்ளைகளை இரண்டு வகையாகப் பார்க்கிறது. ஒன்று, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகள். வீடில்லாதவர்கள், வேலைக்கு அனுப்பப்பட்டவர்கள், கைவிடப்பட்டவர்கள் இதில் வருவார்கள். இவர்களுக்குக் குழந்தைகள் நலக் குழு. நம் பக்கத்தில் ராயபுரத்தில் இருக்கும் அரசுக் குழந்தைகள் இல்லம் இந்த வகை. 2020 ஜூனில் அங்கே 35 பிள்ளைகளுக்குக் கொரோனா தொற்று வந்தபோது உச்ச நீதிமன்றமே தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. அந்தப் பிள்ளைகள் எந்தக் குற்றத்துக்காகவும் அங்கே இல்லை. அந்த இல்லத்துப் பிள்ளை ஒருவன் நம் பள்ளியில் சேர்ந்தால் 'அவன் ஹோமிலிருந்து வர்றான்' என்று ஒரு மாதிரியாகச் சொல்வதை நாம் முதலில் விட வேண்டும்.

இரண்டாவது வகை, சட்டத்துக்கு முரண்பட்டதாகச் சொல்லப்படும் பிள்ளைகள். இவர்களுக்கு இளைஞர் நீதிக் குழுமம். விசாரணைக் காலத்தில் வைக்கப்படும் இடம் கூர்நோக்கு இல்லம். சென்னையில் கெல்லீஸில் இருக்கிறது. தவறு செய்ததாக முடிவான பிறகு அனுப்பப்படும் இடம் சிறப்பு இல்லம். அங்கே அதிகபட்சம் மூன்று ஆண்டுகள். 'குற்றவாளி', 'கைதி' என்ற சொற்களைச் சட்டமே விலக்கி வைத்திருக்கிறது. களங்கம் கற்பிக்கும் சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்பது 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் 3ஆம் பிரிவில் சொல்லும் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்று.

இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1876இலேயே ஆங்கிலேய அரசு சீர்திருத்தப் பள்ளிகளுக்கென்று சட்டம் போட்டது. 1887இல் செங்கல்பட்டில் அப்படி ஒரு பள்ளி தொடங்கியது. 1920இல் வந்த சென்னைக் குழந்தைகள் சட்டம், இந்தியாவில் குழந்தைகளுக்கென்று தனியாக இயற்றப்பட்ட முதல் மாகாணச் சட்டம். பிறகு 1986, 2000, 2015 என்று நாடு முழுமைக்குமான சட்டங்கள் வந்தன. செங்கல்பட்டில் திறக்கப்பட்ட இடத்துக்கு அன்றைக்கே 'பள்ளி' என்று பெயர் வைத்தார்கள். நடைமுறை எப்படி இருந்திருந்தாலும், பிள்ளையைச் சிறைக்கு அனுப்பக் கூடாது, அவனுக்கு வேண்டியது கல்வி என்ற எண்ணம் அந்தப் பெயரில் இருக்கிறது.

அதே செங்கல்பட்டில் நடந்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 2022 டிசம்பர் கடைசியில், ரயில்வே பேட்டரி திருடியதாகத் தாம்பரத்தில் பிடிக்கப்பட்ட 17 வயதுச் சிறுவன் ஒருவன் அங்குள்ள அரசு இல்லத்துக்கு அனுப்பப்பட்டான். 31ஆம் தேதி இறந்து போனான். அடித்ததாகச் சொல்லி இல்லப் பணியாளர்கள் ஆறு பேர் கைது செய்யப்பட்டார்கள். அதன் பிறகு, 2023இல், இத்தகைய இல்லங்களின் நிலையை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவை அரசு அமைத்தது. ஒரு பேட்டரிக்கும் ஓர் உயிருக்கும் நடுவே சில நாட்கள்கூட இல்லை. அதனால்தான் சொல்கிறேன், உள்ளே இருக்கிற ஒவ்வொரு நாளும் கணக்கில் வரும். ஒரு பிள்ளை எத்தனை நாள் உள்ளே இருக்கிறான் என்பதில் பள்ளியின் கையில் இருக்கும் பங்கு நாம் நினைப்பதைவிடப் பெரியது.

எப்படி என்று பார்ப்போம்.

ஒரு சிறுவன் பிடிபட்டால் 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். எந்தச் சூழ்நிலையிலும் காவல்நிலைய லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. குழுமத்தில் ஒரு நீதித்துறை நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள். அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். இதுவரை பலருக்கும் தெரியும். இதற்குப் பிறகு பள்ளி மூன்று இடங்களில் வருகிறது.

முதல் இடம், வயது. பிடிபட்டவன் பதினெட்டு வயது நிறையாதவனா என்று சந்தேகம் வந்தால், 94ஆம் பிரிவின்படி முதலில் பார்ப்பது பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அவை இல்லையென்றால் மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி தரும் பிறப்புச் சான்று. அதுவும் இல்லையென்றால்தான் எலும்பு வளர்ச்சியைப் பார்க்கும் மருத்துவச் சோதனை. நம் எழுத்து எவ்வளவு கனமானது என்று பாருங்கள். நமக்கெல்லாம் தெரியும், ஒரு காலத்தில் முதல் வகுப்புச் சேர்க்கையின்போது ஊரில் பாதிப் பிள்ளைகள் ஜூன் மாதம் பிறந்தவர்கள் ஆனார்கள். ஐந்து வயது நிறைய வேண்டும் என்று எழுதிய தேதி. பதினேழே முக்கால் வயதுப் பையனுக்கு அந்தத் தேதியில் நாலு மாதம் கூடிப்போனால், கெல்லீஸுக்குப் போக வேண்டியவன் புழலுக்குப் போய்விடுவான். பெரியவர்கள் சிறையில், பெரிய குற்றவாளிகளோடு. சேர்க்கையின்போது பிறப்புச் சான்றைக் கேட்டு வாங்கி, அதன்படி எழுதுங்கள். சான்று இல்லையென்று சேர்க்கையை மறுக்கக் கூடாது என்பதும் சட்டம். சேர்த்துக்கொண்டு, பிறகு வாங்கித் தரச் சொல்லித் தொடர்ந்து கேளுங்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்ததும் ஓர் அம்மா எங்கள் பள்ளி வராண்டாவில் நின்றார். எந்த ஆண்டு, எந்தப் பிள்ளை என்று சொல்ல மாட்டேன். அடையாளம் தெரிகிற மாதிரி எதையும் வெளியிடக் கூடாது என்று 74ஆம் பிரிவு சொல்கிறது. "டீச்சர், புள்ளைக்கு வயசு சர்டிபிகேட் வேணும். அவசரம்" என்றார். எதற்கு என்று கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டார். அலுவலகத்தில் இருந்த ஒருவர், "டி.சி. வாங்கிட்டுப் போயிடும்மா, எல்லாம் அதுல இருக்கும்" என்றார். அந்த அம்மாவும் சரி என்று தலையாட்டினார்.

நல்ல எண்ணத்தில் சொன்ன யோசனைதான். ஆனால் அது இரண்டு வகையில் அந்தப் பிள்ளையைக் கவிழ்த்துவிடும். மாற்றுச் சான்றிதழ் கொடுத்தால் அவன் நம் பள்ளி மாணவன் இல்லை என்று ஆகிவிடும். அதோடு, 2023 ஜூலையில் தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம், மாற்றுச் சான்றிதழோ சேர்க்கைப் பதிவேட்டு நகலோ 94ஆம் பிரிவு கேட்கும் ஆவணம் ஆகாது என்று சொல்லிவிட்டது. ஆகவே, யாராவது வயதுச் சான்று கேட்டு வந்தால் தலைமையாசிரியர் கையெழுத்தும் பள்ளி முத்திரையும் உள்ள பிறந்த தேதிச் சான்றைத் தனியாகக் கொடுங்கள். கூடவே, இந்த மாணவன் எங்கள் பள்ளியில் இந்த வகுப்பில் படிக்கிறான் என்று ஒரு படிப்புச் சான்றும் கொடுங்கள். எதற்கு என்று தோண்டித் துருவ வேண்டாம். அன்று எங்கள் தலைமையாசிரியர் அந்த இரண்டையும் எழுதிக் கொடுத்து அனுப்பினார். அரை மணி நேர வேலை.

அந்தப் படிப்புச் சான்று எதற்கு? அதுதான் இரண்டாவது இடம், ஜாமீன். பெரியவர்கள் வழக்கில் ஜாமீனில் விடக்கூடியது, விடமுடியாதது என்று குற்றங்களைப் பிரிக்கிறார்கள். பிள்ளைகள் வழக்கில் 12ஆம் பிரிவு அந்தப் பிரிவினையைப் பார்ப்பதில்லை. எந்தக் குற்றமாக இருந்தாலும் விடுவதுதான் விதி. வெளியே போனால் தெரிந்த குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், அவனுக்கே ஆபத்து வரும், அல்லது நீதியின் நோக்கமே கெட்டுவிடும் என்று நம்பக் காரணம் இருந்தால் மட்டுமே மறுக்கலாம். குழுமத்தின் மேசையில் ஒரு பையனின் காகிதம் இருக்கிறது. அப்பா இல்லை, அம்மா வீட்டு வேலை, பையன் பள்ளியிலிருந்து நின்றுவிட்டான் என்று அதில் எழுதியிருந்தால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? அதே குடும்பம், ஆனால் பையன் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறான், பள்ளி அவனைத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறது என்று எழுதியிருந்தால்? காலை ஒன்பது மணிக்குப் போய் உட்கார ஓர் இடம் இருக்கிற பிள்ளையை நம்பி வெளியே விடலாம். நம் பள்ளி பெஞ்சில் இருக்கும் அந்த ஒன்றரை அடி இடம் அவனுக்கான ஜாமீன்.

மூன்றாவது இடம், சமூக விசாரணை அறிக்கை. நன்னடத்தை அலுவலர் இரண்டு வாரத்துக்குள் பிள்ளையின் வீடு, தெரு, நண்பர்கள், பள்ளி எல்லாவற்றையும் விசாரித்து எழுதித் தர வேண்டும். 2016ஆம் ஆண்டு மாதிரி விதிகளில் அதற்கு 6ஆம் எண் படிவம் இருக்கிறது. பள்ளியை விட்டதற்குக் காரணம் என்ன என்று கேட்டு ஒரு பட்டியலும் கொடுத்திருக்கிறார்கள். கடைசி வகுப்பில் தோல்வி, குடும்பத்துக்காகச் சம்பாதிக்க வேண்டிய நிலை, பெற்றோர் இறப்பு, நண்பர்களின் தாக்கம் என்று வருகிறது. அதே பட்டியலில் ஆசிரியர்களின் அக்கறையின்மை, இறுக்கமான பள்ளிச் சூழல், பள்ளியில் அவமானப்படுத்தியது, உடல் தண்டனை என்பவையும் வருகின்றன. ஆண்டாய்வுக்கு அதிகாரிகள் வருகிறார்கள் என்றால் எவ்வளவு தயாராகிறோம்! இந்தப் படிவத்தில் நம் பள்ளியைப் பற்றியும் டிக் அடிக்கிறார்கள். அதையும் ஓர் ஆய்வாக எடுத்துக்கொள்ளலாம்.

அந்த அலுவலர் பள்ளிக்கு வந்தால் வாசலில் நிற்க வைக்காதீர்கள். வகுப்பாசிரியரே உட்கார்ந்து பேசுங்கள். "அடங்கமாட்டான் சார்" என்ற ஒற்றை வரியை எழுதிக்கொண்டு அவர் போக வேண்டாம். எந்த மாதத்திலிருந்து வருகை குறைந்தது, அப்போது வீட்டில் என்ன நடந்தது, எந்தப் பாடத்தில் கை உயர்த்துவான், பந்து விளையாடுவானா, தம்பி தங்கையைக் கூட்டிவருவானா என்று சொல்லுங்கள். எல்லாம் உண்மையாக இருக்கட்டும். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அவனுக்கு எழுதத் தெரியும், படிக்கத் தெரியும், மூன்று வருடம் தினமும் பார்த்தோம் என்று சொல்ல அவன் வீட்டுக்கு வெளியே நம்மைவிட்டால் ஆள் கிடையாது.

விசாரணையை நான்கு மாதத்துக்குள் முடிக்க வேண்டும். தேவைப்பட்டால் இரண்டு மாதம் நீட்டிக்கலாம். முடிவில் குழுமம் கண்டித்து அனுப்பலாம், ஆலோசனைக்கு அனுப்பலாம், சமூக சேவை செய்யச் சொல்லலாம், நன்னடத்தைக் கண்காணிப்பில் விடலாம். கூடவே, பள்ளிக்குப் போ என்றும் உத்தரவிடலாம். 18ஆம் பிரிவில் அது வெளிப்படையாக இருக்கிறது. குழுமம் பள்ளிக்குப் போ என்கிறது. அவன் வந்து பார்க்கிறான், பதிவேட்டில் பெயர் இல்லை. தொடர்ந்து வரவில்லை என்று சிவப்பு மையில் அடித்துவிட்டோம். எமிஸில் பொதுத் தொகுப்புக்குத் தள்ளிவிட்டோம். இப்போது உத்தரவை மீறியது யார்?

இங்கே இரண்டு கேள்விகள் எழும். கொடூரமான குற்றம் செய்தவனையும் இப்படித்தான் நடத்த வேண்டுமா என்பது ஒன்று. 2012 டெல்லிச் சம்பவத்துக்குப் பிறகு நாடே கேட்ட கேள்வி அது. அதற்கான பதில் சட்டத்திலேயே இருக்கிறது. 16 வயது நிறைந்தவர்கள், ஏழாண்டுக்குக் குறையாத தண்டனை உள்ள குற்றத்தில் சிக்கினால், குழுமம் முதல்நிலை மதிப்பீடு செய்து குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். அப்போதும் மரண தண்டனையோ, விடுதலைக்கு வழியே இல்லாத ஆயுள் தண்டனையோ கிடையாது. 21 வயது வரை பாதுகாப்பிடத்தில் வைத்துக் கல்வியும் பயிற்சியும் தர வேண்டும். எது பெரிய குற்றம், எது சின்னக் குற்றம் என்று தீர்மானிப்பது அவர்கள் வேலை. நம்மிடம் திரும்பி வந்து நிற்கிறவனை அவர்கள் ஏற்கெனவே எடை போட்டுவிட்டார்கள்.

அடிபட்ட பிள்ளைக்கு என்ன பதில் என்பது இரண்டாவது கேள்வி. நியாயமான கேள்வி. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் அவனோடு படித்த மாணவர்கள். அடித்தவனும் அடிபட்டவனும் ஒரே பள்ளி வருகைப் பதிவேட்டில் இருந்தார்கள். அதன் பிறகு மாணவர்களிடையே சாதி வன்முறையைத் தடுக்க அமைக்கப்பட்ட குழுவுக்கும் நீதிபதி சந்துருதான் தலைமை வகித்தார். பாதிக்கப்பட்ட பிள்ளையின் பாதுகாப்புதான் முதலில். இருவரும் ஒரே வகுப்பில் இருக்க முடியாத நிலை வந்தால் பிரிவை மாற்றுங்கள். வேறு பள்ளி தேவை என்றால், புதிய பள்ளியில் இடம் உறுதியான பிறகு மாற்றுச் சான்றிதழ் கொடுங்கள். எங்காவது போகட்டும் என்று சான்றிதழைக் கையில் திணிப்பதும், கைபிடித்து இன்னொரு பள்ளியில் விடுவதும் வேறு வேறு.

திரும்பி வரும் நாளைப் பற்றிக் கொஞ்சம். "எங்கடா போயிருந்த?" என்று வகுப்பு நடுவே கேட்கக் கூடாது. பிள்ளைகள் கேட்டால், "வந்துட்டான்ல, பாடத்தைப் பாருங்க" என்று முடித்துவிடுங்கள். விட்ட பாடத்துக்கு ஒரு சக மாணவனைத் துணைக்கு வையுங்கள். வகுப்பில் எதாவது காணாமல் போனால் எல்லார் கண்ணும் முதலில் அவன் பக்கம் திரும்பும். ஆசிரியர் கண் திரும்பாமல் இருக்க வேண்டும். மாற்றுச் சான்றிதழில் 'மாணவரின் ஒழுக்கமும் பண்பும்' என்று ஓர் இடம் இருக்கிறதே, அதில் இந்த வழக்கின் நிழல்கூட விழக் கூடாது. 24ஆம் பிரிவின்படி இத்தகைய வழக்கால் பிற்காலத்தில் எந்தத் தகுதியிழப்பும் வரக் கூடாது. கடுமையான குற்றத்தில் சிக்கிய, 16 வயது நிறைந்தவர்களுக்கு மட்டுமே விதிவிலக்கு. காவலில் உள்ள சிறார்களுக்காக ஐக்கிய நாடுகள் சபை 1990இல் ஏற்றுக்கொண்ட விதிகளும், அங்கே படித்துப் பெறும் சான்றிதழில் அவன் காவலில் இருந்தான் என்ற குறிப்பே இருக்கக் கூடாது என்கின்றன. உலகம் முழுக்க யோசித்து எடுத்த முடிவை நாம் ஒரு பேனா வீச்சில் கெடுத்துவிடக் கூடாது.

கடைசியாக, இதெல்லாம் நடக்கும் முன்னால் என்ன செய்யலாம்? நம் பகுதியை நாம் அறிவோம். ஒரு பக்கம் கொசஸ்தலை ஆறு, பக்கிங்காம் கால்வாய். இன்னொரு பக்கம் மணலித் தொழிற்சாலைகள், வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து எண்ணூர்க் கழிமுகம் வரை பரவியது. படகும் வலையும் எண்ணெயில் ஊறின, பிழைப்பு போனது. வீட்டில் வருமானம் நின்றால் எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பையன்தான் முதலில் வெளியே கிளம்புகிறான். லாரி கிளீனர் வேலை, பழைய இரும்புக் கடை, பிறகு யாரோ ஓர் அண்ணன் கொடுக்கிற பொட்டலத்தை இன்னொரு இடத்தில் கொண்டு சேர்க்கிற வேலை. அந்த அண்ணனுக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. பிள்ளையைச் சட்டவிரோதக் காரியத்துக்குப் பயன்படுத்தும் பெரியவருக்கு 83ஆம் பிரிவில் ஏழாண்டு வரை கடுங்காவலும் ஐந்து லட்சம் அபராதமும் உண்டு. பிள்ளைக்குப் போதைப் பொருள் கொடுப்பவருக்கு 77ஆம் பிரிவு. இப்படி ஒன்று கண்ணில் பட்டால் 1098க்குச் சொல்லுங்கள். வார்டு அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழுவிலும், பள்ளி மேலாண்மைக் குழுவிலும் பேசுங்கள். ஒரு பிள்ளை தொடர்ந்து மூன்று நாள் வராவிட்டால் நான்காம் நாள் அவன் வீட்டுக்கு ஒரு போன் போகட்டும். பத்தாம் நாள் யாராவது ஒருவர் நேரில் போய் வாருங்கள்.

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்ற பழமொழியைச் சொல்லியே பல பிள்ளைகளைக் கைகழுவியிருக்கிறோம். ஐந்துக்கும் ஐம்பதுக்கும் நடுவே பதினைந்து, பதினாறு, பதினேழு எல்லாம் இருக்கின்றன. அந்த வயதிலும் வளைய முடியும் என்று நம்பித்தான் சட்டம் எழுதியிருக்கிறார்கள். ஆசிரியர் தொழிலின் அடிப்படையும் அந்த நம்பிக்கைதான்.

ஆகவே உங்களிடம் நான் வேண்டுவது மூன்றே. கேட்டவுடன் பிறந்த தேதிச் சான்றும் படிப்புச் சான்றும் கொடுங்கள். விசாரிக்க வருகிறவரிடம் பிள்ளையைப் பற்றி முழுதாகச் சொல்லுங்கள். அவன் வரும் வரை அவன் பெயரைப் பதிவேட்டில் வைத்திருங்கள். தினமும் காலையில் அந்தப் பெயரைக் கூப்பிடும்போது பதில் வராது. பரவாயில்லை, கூப்பிடுங்கள். மற்ற நாற்பது பிள்ளைகளும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். நாளை நமக்கு ஒன்று என்றால் நம் பெயரையும் இந்தப் பள்ளி விடாது என்று அவர்களுக்குத் தெரியட்டும்.